நியூயார்க்கில் ஒரு சென்ட் குறைந்தால் குன்னத்தில் எவ்வளவு குறையும்?

கேள்வி: பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் எனக்கு நான்கு ஏக்கர் மானாவாரி நிலம். மூன்றில் பருத்தி, ஒன்றில் மக்காச்சோளம். 2022இல் பருத்தி குவிண்டால் 10,000 ரூபாய் வரை விற்றேன். அந்தத் தெம்பில் மறு ஆண்டு இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து அதிலும் பருத்தி போட்டேன். விலை 7,000க்கு இறங்கிவிட்டது. அந்தக் கடனில் பாதி இன்னும் நிற்கிறது. இந்த ஆண்டு (2025) உள்ளூர் வியாபாரி விதை, உரம் என்று 30,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறார். பருத்தியை அவரிடமே போட வேண்டும்; ஏல விலையைவிட குவிண்டாலுக்கு 300 ரூபாய் குறைத்துத்தான் எடுப்பார். அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதால் பஞ்சு விலை படுத்துவிட்டது என்கிறார்கள். நான் அமெரிக்காவுக்கு எதையும் விற்கவில்லையே? தை, மாசியில் பறித்ததும் விற்பதா, வைத்திருப்பதா? அடுத்த ஆண்டு முழுக்க மக்காச்சோளத்துக்கு மாறிவிடலாமா? மகன் செல்பேசியிலேயே முன்பேர வணிகம் (பின்னால் வரும் தேதிக்கு இன்றே விலை பேசுவது) செய்யலாம் என்கிறான். பயிர்க் காப்பீடு கட்டியிருக்கிறேன். விலை விழுந்தால் அதில் பணம் வருமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வராது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் மகசூல் இழப்புக்கானது. மழை பொய்த்தாலும் வெள்ளம் வந்தாலும் அது பேசும். காய் வெடித்து வயல் வெள்ளையாக நிற்கும்போது விலை பாதியானால் அது வாய் திறக்காது. விளைச்சலுக்குக் காப்பு வைத்திருக்கிறீர்கள். விலைக்கு எதுவும் வைக்கவில்லை. உங்களைப் போலப் பலர் இதை அறுவடைக்குப் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். நீங்கள் கார்த்திகையிலேயே, செடி சப்பையும் பூவுமாக நிற்கும்போதே கேட்டுவிட்டீர்கள், அந்த வரையில் நல்லது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். நீங்கள் எதையும் விற்கவில்லை என்பது சரி. உங்கள் பருத்தியில் கொட்டை நீக்கி வரும் பஞ்சை வாங்கும் நூற்பாலையிடம் நூல் வாங்கும் திருப்பூர் விற்கிறது. திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான். 2025 ஆகஸ்ட் 7இல் 25 சதவீதம், ஆகஸ்ட் 27இல் ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி இன்னொரு 25 என்று இந்தியப் பொருள்கள் மீது வரி ஏறியது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20 சதவீதம்தான். ஒரே பனியனுக்கு முப்பது சதவீத வித்தியாசம் என்றால் ஆர்டர் எந்தப் பக்கம் போகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் விலையை இதைவிட நேராக அடித்தது நம் நாட்டு உத்தரவு ஒன்று. வெளிநாட்டுப் பஞ்சுக்கு 2021 பட்ஜெட்டில் 11 சதவீத இறக்குமதி வரி வந்தது. அமெரிக்க வரியால் அடிபட்ட ஜவுளித் துறைக்கு ஆறுதலாக, 2025 ஆகஸ்ட் 19 முதல் அந்த 11 சதவீதத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பத்து நாள் போவதற்குள் டிசம்பர் 31 வரை என்று நீட்டினார்கள். ஆலைக்கு விழுந்த அடிக்கு மருந்து உங்கள் வயலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே என் கருத்து. ஜவுளித் துறை நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள், மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். உலகப் பஞ்சு விலை நியூயார்க் முன்பேரச் சந்தையில் பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று பேசப்படுகிறது. இப்போது 64 சென்ட் என்று வைப்போம். கப்பல் கூலி, தரத்துக்கான கூடுதல் எல்லாம் சேர்த்துத் தூத்துக்குடிக்கு வரும்போது 74 சென்ட் ஆகட்டும். நம் ஆலைகள் பேசும் ஒரு கேண்டி பஞ்சு ஏறக்குறைய 356 கிலோ, அதாவது 784 பவுண்டு. 580 டாலர் ஆகிறது. டாலர் 89 ரூபாய் என்றால் கேண்டி 51,600 ரூபாய். இதன் மேல் 11 சதவீத வரி இருந்தால் இன்னும் 5,700 ரூபாய் ஏறியிருக்கும்.

ஒரு கேண்டி பஞ்சுக்கு எவ்வளவு பருத்தி வேண்டும்? நூறு கிலோ பருத்தியில் 34 கிலோ பஞ்சு என்று பிடித்தால் பத்தரைக் குவிண்டால். 5,700ஐ பத்தரையால் வகுங்கள். குவிண்டாலுக்கு 540 ரூபாய். வரியை நிறுத்திய அந்த ஒரு உத்தரவுக்கு உங்கள் களத்தில் விலை அவ்வளவுதான். இதே முறையில் பார்த்தால் நியூயார்க்கில் ஒரு சென்ட் ஏறி இறங்குவது உங்களுக்கு 65 ரூபாய். டாலர் ஒரு ரூபாய் கூடினால் 55 ரூபாய் உங்கள் பக்கம். ரூபாய் மதிப்பு சரிகிறது என்று தொலைக்காட்சியில் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுப் பேசும் நாளில், பருத்தி விவசாயி அவ்வளவு வருந்த வேண்டியதில்லை. அதே டாலரில்தான் உங்கள் உரமும் வருகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இந்தக் கணக்கில் விடுபட்டது கொட்டை. நூறு கிலோவில் அறுபதுக்கு மேல் கொட்டைதானே? அது எண்ணெய்க்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. ஆகவே மலேசியாவில் பாமாயில் என்ன விலை, நம் அரசு சமையல் எண்ணெய்க்கு எவ்வளவு வரி வைத்திருக்கிறது என்பதும் உங்கள் தராசில் வந்து உட்காருகிறது. கிலோ 35 ரூபாய் என்று கொட்டைக்குப் பிடித்து, கொட்டை பிரிக்கும் ஜின்னிங் கூலியைக் கழித்தால், மேலே சொன்ன இறக்குமதி விலைக்கு ஈடாக உங்கள் பருத்திக்கு ஏறக்குறைய 6,800 ரூபாய் நிற்கும். வியாபாரி சொல்லும் விலை இதற்குப் பக்கத்தில் இருந்தால் அவர் பொய் சொல்லவில்லை. 6,000 என்றால் மட்டும் சண்டை போடுங்கள்.

உலக விலை ஏன் இவ்வளவு தணிந்து கிடக்கிறது என்பதற்குப் பெரிய காரணம் சீனா. உலகிலேயே அதிகப் பஞ்சு நூற்கும் நாடு அது. அமெரிக்காவோடு வரிச்சண்டை முற்றியதில், 2025 மார்ச்சில் அமெரிக்கப் பஞ்சுக்குக் கூடுதலாக 15 சதவீத வரி போட்டது. வாங்குவதையும் பெருமளவு குறைத்துக்கொண்டது. இன்னொரு பக்கம் பிரேசில் ஏக்கர் ஏக்கராக விரித்து, 2023-24இல் அமெரிக்காவையே முந்தி உலகின் முதல் பஞ்சு ஏற்றுமதி நாடாகிவிட்டது. வாங்க ஆளில்லாத பஞ்சு எங்காவது போய்ச் சேர வேண்டுமே? 2025 ஆகஸ்டுக்குப் பின் வரியில்லாத கதவு நம் கதவு. வரி இருந்த 2024-25 பருவத்திலேயே இறக்குமதி ஏறக்குறைய 40 லட்சம் பேல் (ஒரு பேல் 170 கிலோ பஞ்சு), முந்தைய பருவத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கதவை அகலத் திறந்தபின் கேட்க வேண்டுமா?

பெரம்பலூருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவில் பருத்தி ஐப்பசியிலேயே சந்தைக்கு வந்துவிடும். உங்களுடையது தை, மாசி. சலுகை டிசம்பர் 31இல் முடிந்து, ஜனவரியில் 11 சதவீதம் திரும்ப வந்தாலும், அதற்குள் கரை சேர்ந்த பஞ்சு ஆலைக் கிடங்குகளில் இருக்கும். ஆகவே 'ஜனவரி ஒன்றாம் தேதி வரி வந்துவிடும், விலை குதிக்கும்' என்று யாராவது டீக்கடையில் சொன்னால் அதை நம்பி மூட்டையை அடுக்க வேண்டாம். அந்த இருப்பு கரைய மாதக்கணக்கில் ஆகும்.

பொதுவாகவே, பஞ்சு விலை வானத்துக்குப் போகும்போதெல்லாம் அரசின் கை ஆலைப் பக்கம் நீண்டிருக்கிறது. 2010 ஏப்ரலிலும் 2012 மார்ச்சிலும் ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். 2022இல் கேண்டி ஒரு லட்சம் ரூபாயை எட்டிக்கொண்டிருந்தபோது, ஏப்ரல் 14 முதல் இறக்குமதி வரியை எடுத்தார்கள். நீங்கள் 10,000 பார்த்த அதே ஆண்டு. அந்த மே மாதம் நியூயார்க்கில் 150 சென்டைத் தாண்டிய விலை, அக்டோபர் கடைசியில் பாதிக்கும் கீழே கிடந்தது. நீங்கள் குத்தகை நிலத்தில் விதை ஊன்றியது அந்தச் சரிவின் மேல்தான். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை. 2011 மார்ச்சில் நியூயார்க் விலை பவுண்டுக்கு இரண்டு டாலரைத் தாண்டியபோது, 'இன்னும் ஏறும், வையுங்கள்' என்று என் மைத்துனரிடம் சொன்னவன் நான். ஆவணிக்குள் ஒரு டாலர் பக்கம் வந்துவிட்டது. அந்த ஆண்டு தீபாவளிக்கு அவர் வீட்டுப் பலகாரம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. விலை எங்கே போகும் என்று ஆரூடம் சொல்வதை அன்றோடு விட்டேன். உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

நான் பார்ப்பது வேறு. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் விலை தீர்மானமாவது நியூயார்க்கிலும் தில்லியிலும். அங்கே உங்களுக்கும் எனக்கும் வேலையில்லை. ஆனால் அந்த விலை விழுந்தபோது கடன்பட்டது எதனால் என்று பாருங்கள். சொந்த மூன்று ஏக்கரில் 7,000 விற்றதால் வந்த கடன் இல்லை அது. முந்தைய ஆண்டு விலையை நம்பி ரொக்கக் குத்தகை பேசியதால் வந்தது. இப்போது அதன் மேல் முன்பணமும் ஏறியிருக்கிறது.

முன்பணத்தின் வட்டியைக் கணக்குப் போட்டீர்களா? மூன்று ஏக்கரில் இருபது குவிண்டால் வரும் என்று வைப்போம். குவிண்டாலுக்கு 300 குறைத்து எடுத்தால் 6,000 ரூபாய். 30,000 ரூபாய்க்கு ஐந்து மாதத்தில் 6,000 என்றால் மாதம் நாலு வட்டி. அவர் வட்டி என்ற சொல்லையே வாயில் எடுக்காததால் அது வட்டியாகத் தெரியவில்லை. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தும் பயிர்க்கடனுக்கு விவசாயியிடம் வட்டியே வாங்குவதில்லை. பழைய பாக்கி அங்கே இருந்தால் முதலில் அதை நேராக்கி, அடுத்த பருவத்துக்கு அங்கேயே திரும்புங்கள். இந்தப் பருவத்துக்கு, வியாபாரியிடம் முகம் முறியாமல் பேசிப் பாருங்கள்: முதல் பறிப்பு விற்ற கையோடு 30,000ஐயும் ஒரு நியாயமான வட்டியையும் ரொக்கமாகத் தந்துவிடுகிறேன், மீதியை ஏலத்தில் போட்டுக்கொள்கிறேன் என்று. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 300ஐ 150 ஆக்கவாவது பேசுங்கள். நியூயார்க்கில் இரண்டு சென்ட் ஏறுவதற்குச் சமம் அது. அதற்காக அமெரிக்க அதிபரை யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

அடுத்தது ஆதார விலை, அதாவது அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச விலை. 2025-26க்கு நடுத்தர இழைப் பருத்திக்கு 7,710, நீண்ட இழைக்கு 8,110. இதைக் கேட்டதும் 'அப்படியானால் ஏன் 6,800 பேச்சு?' என்று கேட்பீர்கள். 8,110க்குப் பருத்தி வாங்கிப் பஞ்சாக்கினால் கேண்டி 60,000ஐத் தாண்டிவிடும். 52,000க்குத் துறைமுகத்தில் கிடைக்கும்போது எந்த ஆலையும் அந்த விலை தராது. ஆக, இந்த ஆண்டு ஆதார விலைக்கு வாங்க ஒரே ஒருவர்தான் இருக்கிறார்: மத்திய அரசின் இந்தியப் பருத்திக் கழகம். 2024-25 பருவத்தில் நாடு முழுக்க ஏறக்குறைய ஒரு கோடி பேல் வாங்கியது. தெலங்கானாவும் மகாராஷ்டிரமும்தான் அதில் பெரும்பங்கு. தமிழ்நாட்டில் மையங்கள் குறைவு. 2025-26 பருவத்தில் 'கபாஸ் கிசான்' செயலியில் முன்பதிவு செய்தவர்களிடம்தான் வாங்குகிறார்கள். நீங்கள் பதிந்ததாகக் கடிதத்தில் இல்லை. உங்களுக்கு அருகில் மையம் எது, பதிவு இன்னும் திறந்திருக்கிறதா என்று நாளைக் காலையிலேயே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கேளுங்கள். ஆதார், நில ஆவணம், பருத்திதான் போட்டிருக்கிறீர்கள் என்பதற்கு கிராம நிர்வாக அலுவலரின் சான்று எல்லாம் கையில் இருக்கட்டும். தூரமாக இருந்தாலும் நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தால் கூலி தாங்கும்.

அங்கே போவதானால் ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 12 வரை விலையைக் குறைத்து எடுப்பார்கள், அதற்கு மேல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தை மாதப் பனியில் விடியற்காலை பறித்த பருத்தி 12க்குள் நிற்காது. பனி காய்ந்தபின் பறிக்கச் சொல்லுங்கள். ஆள் கிடைப்பது கடினம்தான், எனக்கும் தெரியும். கறைபட்ட கொட்டுப் பருத்தியைத் தனியாக வையுங்கள். ஒரு கூடை கொட்டு கலந்தால் ஏலக்காரர் முழு அம்பாரத்துக்கும் கொட்டு விலைதான் எழுதுவார். உரச் சாக்கில் மட்டும் அடைக்காதீர்கள். அந்தச் சாக்கின் பிளாஸ்டிக் இழை பஞ்சில் கலந்தால் சாயம் ஏறாது. ஆலைக்காரர்கள் வெளிநாட்டுப் பஞ்சுதான் சுத்தம் என்று சொல்வதற்கு நாமே கொடுக்கும் சாட்சி அது.

வைத்திருப்பதா, விற்பதா? பருத்தி ஒரே நாளில் வருவதில்லை. மூன்று, நான்கு பறிப்பாக வருகிறது. அந்த வரிசையிலேயே விற்றுவிடுங்கள். முதல் பறிப்பு முன்பணத்துக்கு. இரண்டாவது, வியாபாரிகள் விலையை எழுதிப் போடும் மறைமுக ஏலத்துக்கோ பருத்திக் கழகத்துக்கோ. தரமாக இருந்தால் மூன்றாவதில் ஒரு பங்கை மட்டும் ஆறு வாரம் வைத்துப் பார்க்கலாம், அதுவும் விற்பனைக்கூடக் கிடங்கில். அங்கே சரக்கின் மதிப்பில் 75 சதவீதம் வரை, சரக்கையே ஈடாக வைத்துப் பொருளீட்டுக் கடன் கிடைக்கும். அவசரத்துக்கு விற்கும் கட்டாயம் இராது. வீட்டில் வைத்தால் எலி, நெருப்பு, மஞ்சளாகிப்போவது, காய்ந்து எடை குறைவது எல்லாம் உண்டு. பங்குனிக்கு மேல் எதையும் வைக்காதீர்கள்.

மக்காச்சோளம் பற்றி. பாதுகாப்பான பயிர் என்று நினைத்து அங்கே ஓட நினைக்கிறீர்கள். அது வேறு ஒரு கயிற்றில் கட்டிய மாடு, அவ்வளவுதான். 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து பெட்ரோலில் கலக்கும் எத்தனால் எடுப்பதற்கு அரசு கட்டுப்பாடு போட்டதும், ஆலைகள் மக்காச்சோளத்தின் மேல் பாய்ந்தன. நாமக்கல் கோழிப் பண்ணைகளும் எத்தனால் ஆலைகளும் போட்டி போட்டதில் விலை ஏறியது. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் மக்காச்சோளம் வாங்கியது. நீங்கள் கேள்விப்பட்ட நல்ல விலை அந்தக் காலத்தது. பிறகு அரசுக் கிடங்கு அரிசியைக் குவிண்டால் 2,250 ரூபாய்க்கு எத்தனாலுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். எல்லாரும் மக்காச்சோளம் விதைத்தார்கள். 2025 நவம்பரில் கர்நாடகத்தில் விலை ஆதார விலையான 2,400க்கு வெகு கீழே போய் விவசாயிகள் சாலைக்கு வந்துவிட்டார்கள். போதாதற்கு, தன் மக்காச்சோளத்துக்கும் நம் சந்தையைத் திறக்கச் சொல்லி 2025இல் அமெரிக்கா கேட்டது. மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவை நான் சொல்லவே வேண்டாம், 2018இல் உங்கள் மாவட்டம் பட்டது போதும்.

ஆகவே முழுக்க மாறாதீர்கள். இரண்டு ஏக்கர் பருத்தி, ஒன்றரை மக்காச்சோளம், அரையில் உளுந்தோ துவரையோ என்று பிரிப்பது என் கணக்கு. அமோகமாகச் சம்பாதிக்கும் ஆண்டு இதில் வராது. ஒரே கயிறு அறுந்து நான்கு ஏக்கரும் படுக்கும் ஆண்டும் வராது. கடன் தீரும் வரை உங்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

குத்தகை நிலம் மறுபடி கேட்டு வந்தால் ரொக்கக் குத்தகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் இத்தனை பங்கு என்று பேசுங்கள். ரொக்கம் என்றால் விலை விழுந்தாலும் நிலத்துக்காரர் கணக்கு மாறாது, முழு அடியும் உங்களுக்கு. வாரத்தில் அவரும் பங்கு வாங்குவார். நம் பாட்டன்மார்கள் முன்பேரச் சந்தை இல்லாமலே விலை அபாயத்தைப் பிரித்துக்கொண்ட வழி இது. பழையது என்று நாம்தான் விட்டுவிட்டோம்.

உரம் பற்றி ஒரு வார்த்தை. 2022இல் ரஷ்யாவும் பெலாரஸும் சிக்கலில் மாட்டியதும், முழுக்க இறக்குமதியான பொட்டாஷ் மூட்டை 1,700 ரூபாய் ஆனது நினைவிருக்கும். பருத்தி விலை இறங்கிய வேகத்தில் அது இறங்கவில்லை. மண் பரிசோதனை அட்டை வீட்டில் சும்மா கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பழக்கத்துக்காகப் போடும் மூட்டை ஒன்று அதில் குறையலாம்.

மகனின் முன்பேர வணிகம். பம்பாய்ச் சந்தையில் பஞ்சு ஒப்பந்தம் ஒன்று 48 கேண்டி, அதாவது ஏறக்குறைய 500 குவிண்டால் பருத்தி. உங்களிடம் இருப்பது இருபது. மீதி 480 குவிண்டாலுக்கு அது காப்பு ஆகாது, சூதாட்டம்தான். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று ஊர்ப் பருத்தியை எல்லாம் சேர்த்துச் செய்தால் அர்த்தம் உண்டு. தம்பிக்கு ஆர்வம் இருப்பதை அடக்க வேண்டாம், வேறு வேலை கொடுங்கள். இன்றிலிருந்து ஒரு நோட்டில் ஐந்து எண்ணை வாரம் ஒருமுறை எழுதட்டும்: நியூயார்க் சென்ட், டாலர் மதிப்பு, பருத்திக்கொட்டை விலை, சேலம் மாவட்டம் கொங்கணாபுரம் ஏல விலை, உங்கள் வியாபாரி சொல்லும் விலை. முதல் பறிப்புக்குள் ஏழெட்டு வாரத்து எண்கள் சேர்ந்துவிடும். கடைசி இரண்டு எண்ணுக்கும் இடையில் எவ்வளவு என்பதைப் பார்த்துவிட்டு, 300 பற்றி வியாபாரியிடம் பேசப் போங்கள்.